சூரியன் வீடியோ செய்யக் கிளம்புகிறவர்கள் டவுன்லோடு பட்டனைத் தொடுவதற்கு முன்

பைத்தான் நிரல்மொழியில் சூரியனை வீடியோவாகச் செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிட்டு இறங்குங்கள். 2024 கோடை விடுமுறையில் நான் தனியாக இதில் மாட்டிக்கொண்டேன். பணம் போனது, தூக்கம் போனது, கடைசியில் கையில் நின்றது ஒன்றரை நிமிடம்கூட வராத ஒரு வீடியோ. அந்த வீடியோவை இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், அவ்வளவு பிடிக்கும். ஆனால் அதற்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் தேவையே இல்லை, யாராவது முன்கூட்டி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அந்த மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் வந்ததும், லடாக்கில் ஹான்லே வானம் சிவந்ததும் செய்தியில் வந்தது. பிள்ளைகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "மிஸ், நம்ம ஊர்ல ஏன் தெரியல? சூரியன்ல என்னதான் நடந்துச்சு?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன், நாம் பூமத்திய ரேகைக்கு மிகவும் பக்கம், துருவ ஒளி இவ்வளவு தெற்கே இறங்கி வராது என்று. இரண்டாவது கேள்விக்கு வாயால் சொல்வதைவிடக் காட்டினால் நன்றாக இருக்கும். 13664 என்று எண் கொடுத்த கரும்புள்ளிக் கூட்டம் பூமியைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் அகலமாக விரிந்து கிடந்தது, அதிலிருந்துதான் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்புகள். நாசாவே ரெடிமேடாக வீடியோ போடுகிறதே என்று கேட்பீர்கள். எனக்கு நம் ஊர் நேரத்தோடு, தமிழ் எழுத்தோடு வேண்டும். மே 11 அன்று வந்த எக்ஸ் 5.8 (எக்ஸ் என்றால் மிகப் பலமான வகை) வெடிப்பு உச்சத்தைத் தொட்டது உலக நேரப்படி 1:23க்கு, அதாவது நமக்குக் காலை 6:53. "நீங்க பல் துலக்கிட்டு இருந்தப்ப அங்க இது நடந்துச்சு" என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சரி, டேட்டா எங்கே கிடைக்கும்? நாசாவின் எஸ்டிஓ செயற்கைக்கோள் 2010 பிப்ரவரியில் மேலே போனது. அதில் இருக்கும் ஏஐஏ என்ற கருவி சூரியனைப் பல அலைநீளங்களில் 12 வினாடிக்கு ஒருமுறை எடுக்கிறது. ஒவ்வொரு படமும் 4096க்கு 4096 புள்ளி (பிக்சல்). எல்லாம் யாருக்கும் இலவசம். பைத்தானில் சன்பை என்ற தொகுப்பைப் போட்டுக்கொண்டால், நாலைந்து வரியில் தேதியும் அலைநீளமும் கொடுத்துத் தேடி இறக்கலாம். நானும் மே 9 முதல் 11 வரை, 171, 131 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் அலகு) இரண்டிலும் வேண்டும் என்று கொடுத்தேன். இறங்க ஆரம்பித்தது. எத்தனை படம் என்று திரையில் வந்த எண்ணைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன், எனக்கு யாரும் காட்டவில்லை. 12 வினாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 7200 படம். ஃபிட்ஸ் என்பது வானியல் படங்களைச் சேமிக்கும் வடிவம், சுருக்கி வைத்த ஃபிட்ஸ் கோப்பு ஒன்று 10 எம்பி அளவில் வரும். ஒரு அலைநீளத்துக்கு ஒரு நாள் மட்டும் 70 ஜிபியைத் தாண்டும். மூன்று நாள், இரண்டு அலைநீளம் என்றால் 400 ஜிபிக்கு மேல். எங்கள் வீட்டில் இருந்தது தினம் 2 ஜிபி வரும் மொபைல் டேட்டா. எக்ஸ்ட்ரா டேட்டா பேக் போட்டேன், அது தீர்ந்தது, இன்னொன்று போட்டேன். அப்புறம் 4,800 ரூபாய்க்கு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு, கிருஷ்ணகிரியில் ஃபைபர் இணைப்பு இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மே மாதம், சாயங்காலமானால் காற்றும் இடியும், கரண்ட் போகும், டவுன்லோடு நடுவில் அறுந்துவிடும். பாதி இறங்கிய கோப்பும் முழுக் கோப்பும் ஒரே மாதிரி பெயரோடு அங்கே உட்கார்ந்திருக்கும், திறக்கும்போதுதான் பிழை வரும். தம்பி மனைவி ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டு, "அண்ணி, ஸ்கூல்ல இதுக்குத் தனியா சம்பளம் தர்றாங்களா?" என்று கேட்டாள். அவள் அக்கறையாகத்தான் கேட்டாள், எனக்குத்தான் அழுகை வந்தது.

இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வீடியோ எத்தனை வினாடி ஓட வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வினாடிக்கு 24 படம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 45 வினாடிக்கு 1080 படம் போதும். மூன்று நாளை 4 நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தால் சரியாக 1080. சன்பையில் தேடும்போதே மாதிரி இடைவெளியைக் கொடுக்க ஒரு வசதி உண்டு, அதைக் கொடுக்காவிட்டால் இருப்பது எல்லாம் வந்து விழும். அடுத்து, முழுச் சூரியனையும் காட்டும் வீடியோவுக்கு 4096 புள்ளி வேண்டவே வேண்டாம். பள்ளி டிவியில் உயரம் 1080 புள்ளிதான். ஏஐஏ குழுவே 1024க்கு 1024 ஆகச் சுருக்கி, 2 நிமிடத்துக்கு ஒன்றாக, சினாப்டிக் என்ற பெயரில் தனியாக வைத்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜேசாக் என்ற தரவு மையத்தின் சர்வரில் வருடம், மாதம், நாள் வாரியாக ஃபோல்டர் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். சூரியனின் நடு, அளவு, திசை எல்லாம் ஏற்கனவே நேர் செய்யப்பட்டவை. முழுச் சூரியனையும் காட்டும் என் வீடியோ கடைசியில் இதிலிருந்துதான் வந்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் முக்கால்வாசி இன்னும் காலி.

வெடிப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் முழுத் தெளிவு வேண்டும். அதற்கும் முழுப் படத்தை இறக்க வேண்டியதில்லை. ஜேசாக்கில் மின்னஞ்சலை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், "இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மட்டும் வெட்டிக் கொடு, சூரியன் சுழலச் சுழல அந்த இடத்தைத் தொடர்ந்து வா" என்று கேட்கலாம். அவர்கள் பக்கத்திலேயே வெட்டித் தயார் செய்து தருவார்கள். ஏஐஏவில் ஒரு புள்ளி 0.6 ஆர்க் வினாடி (வானத்தில் கோணத்தை அளக்கும் சின்ன அலகு), 500 ஆர்க் வினாடிச் சதுரம் கேட்டால் 830 புள்ளி சொச்சம். 10 எம்பி இறக்கிய இடத்தில் 1 எம்பி சுற்றி இறங்கும். தயாரான கோப்புகளைச் சில நாளில் அழித்துவிடுவார்கள், அதனால் கரண்டும் நெட்டும் நிச்சயமாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

அடுத்த அடி லேப்டாப்பில் விழுந்தது. எல்லாக் கோப்புகளையும் ஒரே பட்டியலாகத் திறந்து அனிமேஷன் ஆக்க முயன்றால் இயந்திரம் அப்படியே உறைந்து நிற்கும். ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "ரேம் பத்தலைங்க மேடம், இன்னொரு 8 ஜிபி போட்டா பறக்கும்" என்றார்கள். 2,600 ரூபாய் கொடுத்துப் போட்டேன். பறக்கவில்லை, கொஞ்சம் தாமதமாக உறைந்தது, அவ்வளவுதான். 4096க்கு 4096 என்றால் ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான புள்ளிகள், ஒவ்வொன்றும் எட்டு பைட் எண்ணாக நினைவகத்தில் ஏறினால் ஒரு படத்துக்கு 134 எம்பி. 8 ஜிபியில் அறுபது படம் வைக்க முடியும், 16 ஜிபியில் நூற்றிருபது. ஆயிரம் படத்துக்கு எந்தக் கடைக்காரரும் ரேம் விற்க முடியாது. வழி ரொம்ப எளிது. ஒரு கோப்பைத் திற, சுருக்கு, நிறம் போடு, பிஎன்ஜியாகச் சேமி, மூடு, அடுத்ததுக்குப் போ. எல்லாம் முடிந்தபின் அந்த பிஎன்ஜி படங்களை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் கையில் கொடுத்து வீடியோவாகத் தைக்கச் சொல்லு. இதில் இன்னொரு லாபம், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை செய்த படங்கள் அப்படியே இருக்கும், ஏற்கனவே இருக்கும் பிஎன்ஜியைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி எழுதிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊரில் இது பெரிய விஷயம். படம் வரையும் மேட்பிளாட்லிப் தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிகர் திறந்தால், சேமித்த கையோடு மூடும் வரியையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அவை உள்ளுக்குள் குவிந்து மறுபடி அதே கதைதான்.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்தது. முதல் வீடியோ ஓடியது, ஆனால் துடித்தது. ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், மறுபடி வெளிச்சம். கண் வலித்தது. முதல் காரணம் சீக்கிரமே தெரிந்தது: எல்லை சொல்லாமல் விட்டால் மேட்பிளாட்லிப் ஒவ்வொரு படத்திலும் இருக்கும் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பைப் பார்த்துத் தானே நிறத்தைப் பரப்பிக்கொள்ளும். ஒரு படத்தில் ஏதோ மூலையில் சின்ன வெடிப்பு வந்தால்கூட மொத்தச் சூரியனும் மங்கிவிடும். எனவே கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒருமுறை முடிவு செய்து, எல்லாப் படத்துக்கும் அதையே வைக்க வேண்டும். மெல்லிய வளையங்களும் தெரிய வேண்டும், வெடிப்பும் வெந்து வெள்ளையாகிவிடக் கூடாது என்பதால் மதிப்புகளை லாகரிதம் போன்ற வளைவில் அமுக்குவது நல்லது.

இதைச் செய்த பிறகும் 131 ஆங்ஸ்ட்ராமில், அதுவும் வெடிப்பு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மட்டும் துடிப்பு நிற்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று மங்கியது. என் நிரலில் குறை என்று நினைத்து ராத்திரி முழுக்க வரி வரியாகத் தடவினேன். கல்லூரியில் எனக்கு எடுத்த பேராசிரியரைக் கூப்பிட்டேன், "இந்த விஷயம் எனக்குப் பழக்கம் இல்லம்மா" என்று வருத்தத்தோடு சொன்னார். தர்மபுரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பழைய மாணவன் வந்து பார்த்துவிட்டு, "மிஸ், கோடு சரியாத்தான் இருக்கு" என்றான். அவன் சொன்னதுதான் உண்மை. கோடு சரியாகவே இருந்தது. காரணம் படத்துக்குள்ளேயே எழுதியிருந்தது.

ஃபிட்ஸ் கோப்பில் படத்தோடு ஒரு தலைப்புக் குறிப்பும் வரும். எப்போது எடுத்தது, எந்த அலைநீளம், கதவு எத்தனை வினாடி திறந்திருந்தது, கருவி எந்தப் பக்கம் பார்த்தது, தரம் எப்படி என்று ஒரு பெரிய பட்டியல். நான் அதுவரை தேதியைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு கோப்பிலிருந்தும் திறப்பு நேரத்தை மட்டும் எடுத்து வரிசையாக அச்சிட்டேன். 2.9 வினாடி, அடுத்தது அதில் சின்னத் துண்டு, மறுபடி 2.9, மறுபடி துண்டு. வெடிப்பின் வெளிச்சத்தில் படம் வெந்துபோகக் கூடாது என்று ஏஐஏ தானாகவே ஒன்றுவிட்டு ஒரு படத்துக்குத் திறப்பு நேரத்தைக் குறைத்துக்கொள்கிறது. என் வீடியோவைத் துடிக்க வைத்தது அந்தக் கருவியின் நல்ல குணம். அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. அம்மாவை எழுப்பிச் சொன்னேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து காபி போட்டுக் கொடுத்தார்.

தீர்வு ஒரு வகுத்தல்தான். ஒவ்வொரு படத்தையும் அதன் திறப்பு நேரத்தால் வகுத்துவிட்டால் எல்லாம் வினாடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நீண்ட திறப்பில் எடுத்த படத்தில் வெடிப்பின் நடுப்பகுதி ஏற்கனவே வெந்து, 16383 என்ற உச்சியில் முட்டி நின்றிருக்கும். அதற்கு மேல் அந்தக் கருவியால் எண்ண முடியாது. அதை வகுத்தாலும் உண்மை மதிப்பு திரும்ப வராது, வெடிப்பின் நடுவில் மட்டும் துடிப்பு மிஞ்சும். அதனால் உச்ச நேரத்தில் குறுகிய திறப்புப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். 12 வினாடிக்கு ஒன்று என்பது 24 வினாடிக்கு ஒன்றாகும், பரவாயில்லை. அந்தச் சமயத்தில் வெடிப்பைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கதிர் மாதிரி கோடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது கருவியின் முன்னால் இருக்கும் வடிகட்டியைத் தாங்கும் வலைக்கம்பியில் ஒளி சிதறுவது. சூரியனில் அப்படி எதுவும் இல்லை என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

தலைப்புக் குறிப்பில் இன்னும் இரண்டைப் பார்க்கச் சொல்வேன். தரம் என்ற எண் பூஜ்யமாக இருந்தால் படம் சுத்தம், இல்லாவிட்டால் ஏதோ ஒரு காரணம் உண்டு, திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் தினமும் ஒரு நேரம் பூமியே எஸ்டிஓவுக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து மறைக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட. அந்தக் காலத்தில் வீடியோ செய்தால் நடுவில் இருட்டுதான். இரண்டாவது, நேரம். கோப்பின் பெயரை நம்பி வரிசைப்படுத்தாமல் குறிப்பில் இருக்கும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள், உங்கள் பிஎன்ஜி பெயர்களில் 0001, 0002 என்று முன்னால் பூஜ்யம் வையுங்கள், இல்லாவிட்டால் 1, 10, 100, 2 என்று போய்ச் சூரியன் முன்னும் பின்னும் குதிக்கும். நேரம் எல்லாம் உலக நேரம், ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். நடுவில் படம் விட்டுப்போயிருந்தால் முந்தைய படத்தையே நகலெடுத்து இட்டு நிரப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. மூலையில் நேரத்தை எழுதிவிட்டு, குதிக்கிற இடத்தில் குதிக்க விட்டுவிட்டேன். அங்கே டேட்டா இல்லை என்பதும் உண்மைதானே.

நேரத்தை எழுதினேன் என்றதும் தமிழ் எழுத்து ஞாபகம் வருகிறது. மேட்பிளாட்லிபில் தமிழில் தலைப்பு போட்டால் முதலில் கட்டம் கட்டமாக வரும், அதன் வழக்கமான எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கும். "வெடிப்பு" என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை நான் அப்போது வைத்திருந்த பதிப்பு செய்யவில்லை. பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ தொகுப்பில் ராக்ம் என்ற துணை நூலகம் சேர்ந்து வேலை செய்தால் சரியாக வரும். அதில் மல்லுக்கட்ட நேரம் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸில் தலைப்பைத் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஆக்கி, எல்லாப் படத்தின் மேலும் ஒட்டிவிடுங்கள். நான் செய்தது இதுதான். மாறிக்கொண்டே இருக்கும் நேரத்துக்கு வெறும் எண்கள் போதும், அதில் சிக்கலே இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 171இல் வரும் அந்தப் பொன்னிறம், 131இல் வரும் நீலப்பச்சை எல்லாம் நாம் பூசுவது. அந்த ஒளி அதிதீவிரப் புறஊதா, கண்ணுக்கே தெரியாது, காற்று மண்டலம் அதைக் கீழே விடுவதும் இல்லை. 171 என்பது ஆறு லட்சம் டிகிரி சுற்றி இருக்கும் அமைதியான வளையங்களைக் காட்டும். 131 என்பது வெடிப்பில் கோடி டிகிரிக்குக் கொதிக்கும் பகுதியைக் காட்டும். வெடிப்புக்கு 171ஐ மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் தெரியும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியில் வீடியோ தயார், என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. பள்ளி டிவியில் கருப்புத் திரை. தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார், பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிஎன்ஜியிலிருந்து எஃப்எஃப்எம்பெக் வீடியோ ஆக்கும்போது, சொல்லாவிட்டால் நிறத் தகவலை முழுசாக வைத்துக்கொள்ளும் ஒரு வடிவத்தில் செய்துவிடும், அதை நிறைய டிவியும் போனும் படிக்காது. ஒய்யுவி420பி என்ற புள்ளி வடிவத்தைக் கட்டளையில் நாமே கேட்க வேண்டும். அதைக் கேட்டால் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், 833 புள்ளி என்றால் பிழை சொல்லி நின்றுவிடும், 832 ஆக்கிவிடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் ஆனது, மறுநாள் அதே டிவியில் ஓடியது. 6:53 என்று மூலையில் எண் வந்தபோது வகுப்பு முழுக்க ஒரு சத்தம் வந்தது. பின்வரிசையில் ஒரு பையன், "மிஸ், அப்ப நான் தோட்டத்துல மாங்கா பறிச்சிட்டு இருந்தேன்" என்றான்.

இறக்கியதை எல்லாம் அழித்துவிடாதீர்கள், முக்கியமான கோப்புகளை ஒரு நகல் வைத்திருங்கள். அந்த வருடமே நவம்பர் 26 அன்று, ஸ்டான்ஃபோர்டில் ஜேசாக் இருக்கும் கட்டடத்தில் குளிர்நீர்க் குழாய் உடைந்து சர்வர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது, உலகம் முழுக்க அந்த டேட்டாவை நம்பியிருந்தவர்களுக்கு நெடுநாள் தடை. முன்பே செய்த வீடியோவைத் திருத்த எனக்கு உதவியது அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கொஞ்சம் கோப்புகள்தான்.

இப்போது ஆதித்யா எல்1 பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தைப் போய்ச் சேர்ந்த நம் சூரிய ஆய்வு விண்கலம். அதில் சூட் என்ற தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை, 11 வடிகட்டிகளில் சூரியனை எடுக்கிறது. இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கலாம், அதுவும் ஃபிட்ஸ்தான். இந்த முறை முதலில் நாலே நாலு கோப்பு இறக்கி, தலைப்புக் குறிப்பை முழுக்க அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திறப்பு நேரமும் புள்ளி அளவும் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் நிரலில் கை வைத்தேன். யாராவது அதில் ஏற்கனவே வேலை செய்திருந்தால் சொல்லுங்கள், வடிகட்டிக்கு வடிகட்டி வெளிச்ச எல்லை எப்படி வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும்.